சுப்பையாவின் ஆட்டம்: நடுவர் நூல்கள் விட்டுவிட்ட 1974

1974 ஜூன் 19, மியூனிக். போலந்து 7, ஹைட்டி 0. நடுவர் கோவிந்தசாமி சுப்பையா, சிங்கப்பூர். உலகக் கோப்பைப் பதிவேட்டின் இந்த ஒரு வரியை இரண்டு விதமாக வாசிக்கும் வழக்கம் இருக்கிறது. உலகக் கோப்பையில் விசில் ஊதிய முதல் ஆசியர் சுப்பையா என்பது ஒன்று. அவரைப் பற்றிய புகழ்க் குறிப்புகள் பெரும்பாலும் இதையே சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. ஃபிஃபாவின் தலைமை மாறிய வேளையில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளைத் திருப்திப்படுத்த அவருக்கு ஒரு சப்பை ஆட்டம் ஒதுக்கப்பட்டது என்பது மற்றது. விளையாட்டை முழுக்க அரசியலாகவே படிக்கும் ஆய்வுப்போக்கு இந்த இரண்டாவது வாசிப்பின் பக்கம் சாய்கிறது. இரண்டும் நிற்காது என்பது என் துணிபு. இரண்டும் இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தன என்பதற்கான விடை நடுவர்கள் எழுதிய நூல்களில் இருக்கிறது.

முதல் வாசிப்பைத் தள்ள அதிக இடம் தேவையில்லை. 1966 காலிறுதியில் வடகொரியா மூன்று கோல் முன்னிலை பெற்றது; யூசேபியோ நான்கு கோல் அடித்து அதைத் தலைகீழாக்கினார்; போர்ச்சுகல் 5–3 என வென்றது. அந்த ஆட்டத்தின் நடுவர் இஸ்ரேலின் மெனாகெம் அஷ்கெனாசி. 1970இல் குவாதலஹாராவில் பிரேசில்–இங்கிலாந்து ஆட்டத்தை நடத்தியவர் அதே நாட்டின் ஆபிரகாம் கிளைன். இஸ்ரேலை ஆசியாவாகக் கொள்ளலாமா என்று கேட்பார்கள். 1964 ஆசியக் கோப்பையை வென்ற நாடு அது. 1970 உலகக் கோப்பைக்கு ஆசிய–ஓசியானியத் தகுதிச் சுற்று வழியாகவே வந்தது. 1974 செப்டம்பரில் டெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்து இறுதியிலும் ஈரானை எதிர்த்து ஆடியது. பிற்கால அரசியல் வரைபடத்தை 1966இன் மேல் விரித்துப் படிப்பது வரலாறு ஆகாது. 1974இலும் சுப்பையா தனித்து நிற்கவில்லை. மூன்று நாள் கழித்து ஈரானின் ஜாஃபர் நம்தார் ஆஸ்திரேலியா–சிலி ஆட்டத்தை நடத்தினார். ‘முதல் ஆசியர்’ பட்டம் போனதால் சுப்பையாவுக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தப் பட்டத்தோடு நின்றுவிட்டதால்தான் அவர் நடத்திய ஆட்டத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது வாசிப்பு கூர்மையானது. ஆகவே அதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். முதலில் தேதிகள். ஸ்டான்லி ரூஸைத் தோற்கடித்து ஜோவாவ் அவெலாஞ்ச் ஃபிஃபா தலைவரானது 1974 ஜூன் 11, ஃபிராங்க்ஃபர்ட்டில். உலகக் கோப்பை தொடங்கியது ஜூன் 13. ஒரு உலகக் கோப்பைக்கான நடுவர்களை இரண்டு நாளில் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தப் பட்டியல் ரூஸின் காலத்தது. ரூஸ் யார்? தாமே 1934 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தின் நடுவராக இருந்தவர். 1938இல் ஆட்ட விதிகளைத் திருத்தி எழுதியவர். ஆசிய, ஆப்பிரிக்க வாக்குகளை இழந்து அவர் தோற்றார் என்பது உண்மை. ஆனால் தோற்றவரின் ஆட்சியில் தேர்வான நடுவரை வென்றவரின் கைம்மாறாக எப்படிக் காட்டுவது? தேர்தலுக்கு முன்பே ரூஸ் வாக்குக்காகச் சலுகை காட்டியிருக்கக் கூடாதா என்று ஒருவர் கேட்கலாம். அப்படியானால் 1966இலும் 1970இலும் விசில் ஊதிய ஆசியர்களுக்கும் அதே காரணத்தைச் சொல்லியாக வேண்டும்; அதைச் சொல்ல யாரும் முன்வருவதில்லை.

அடுத்தது ‘சப்பை ஆட்டம்’ என்ற சொல். ஏழு கோல் விழுந்த பிறகு நின்று பார்ப்பவர் சொல்லும் சொல் இது. விசிலுக்கு முன்னால் நின்று பாருங்கள். ஜூன் 15இல் இதே ஹைட்டி இத்தாலிக்கு எதிராக இரண்டாம் பாதி தொடங்கியவுடன் முதல் கோல் அடித்திருந்தது. எம்மானுவேல் சானோன் அடித்த அந்தக் கோல், சர்வதேச ஆட்டங்களில் ஆயிரம் நிமிடங்களுக்கு மேல் கோல் வாங்காதிருந்த டினோ ஸோஃபின் சாதனையை முடித்துவைத்தது. இத்தாலி பிறகு 3–1 என வென்றது வேறு விஷயம். அந்த ஆட்டத்துக்குப் பிந்தைய ஊக்கமருந்துச் சோதனையில் எர்ன்ஸ்ட் ஜான்–ஜோசஃப் சிக்கினார். அவருடைய சொந்த அணி நிர்வாகிகளே அவரை அடித்து இழுத்துச் சென்று நாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். தோழனை இப்படிப் பறிகொடுத்து, ஊரில் சர்வாதிகாரக் குடும்பத்தின் ஆட்சிக்கு அஞ்சி நின்ற ஓர் அணி நான்கே நாளில் மீண்டும் களம் இறங்குகிறது. எதிரே, அர்ஜென்டினாவை 3–2 என வென்று வந்த போலந்து. இதில் எது சப்பை?

ஆட்டத்துக்குள் போவோம். 17ஆம் நிமிடத்தில் லாட்டோ, 18இல் டெய்னா, 30இல் ஷார்மாக், 31இல் கோர்கோன், 34இல் மறுபடி ஷார்மாக். இடைவேளையில் 5–0. 50ஆம் நிமிடத்தில் ஷார்மாக்கின் மூன்றாவது கோல். பிறகு 87ஆம் நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது லாட்டோ அடித்தார். என் கண் நிற்பது அந்த 37 நிமிடங்களில். நடுவராக நின்று பழகியவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். ஆறு கோல் வாங்கிய அணிக்கு ஆட்டத்தில் இழக்க எதுவும் இல்லை. மானம் மட்டும் மிச்சம். கால் பந்தைத் தேடாமல் எதிராளியின் கணுக்காலைத் தேடும் நேரம் அது. வாய்ப்பேச்சு வளரும். அந்த நேரத்தில் ஒரு ஃபவுலை விட்டுவிட்டால் அடுத்தது பழிவாங்கலாக வரும். அந்த ஆட்டத்தில் ஒருவர்கூட வெளியேற்றப்படவில்லை. வெளியேற்றும் துணிவு நடுவருக்கு இல்லை என்று வாதிடலாம்தான். அப்படியானால் ஏதோ ஒரு மூர்க்கம் தண்டிக்கப்படாமல் போனதாக யாராவது புகார் சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒரு புகாரும் என் கண்ணில் படவில்லை.

முந்தின நாள் ஜூன் 18, கெல்சன்கிர்ஷனில் நடந்ததோடு இதை ஒப்பிட வேண்டும். யூகோஸ்லாவியா 9, ஸயர் 0. அதுவும் ஒருதலைப்பட்சமான ஆட்டம்தான். கொலம்பிய நடுவர் ஓமர் டெல்காடோ 22ஆம் நிமிடத்தில் முலாம்பா என்டாயேவை வெளியேற்றினார். நடுவரை உதைத்தவர் இலுங்கா மெவெப்பு, வெளியேற்றப்பட்டதோ வேறு ஆள் என்பது பின்னர் பரவலாகப் பதிவானது. ஸயர் ஆட்டத்தைப் பற்றி எழுதாத உலகக் கோப்பை வரலாறு அரிது. மறுநாள் ஏறக்குறைய அதே நெருக்கடியில், பிழையின்றி, சண்டையின்றி ஓர் ஆட்டம் முடிந்தது. அது ஒரு கோல் கணக்காக மட்டும் எஞ்சியது.

இங்கேதான் நடுவர் நூல்கள் வருகின்றன. மதுரை அருகே சமயநல்லூரில் நான் சேர்த்துவரும் அலமாரியில் இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: ஏறக்குறைய ஒவ்வொரு நூலும் ஒரு தகராற்றின் மேல் நிற்கிறது. கிளைவ் தாமஸின் ‘பை தி புக்’ 1984இல் வந்தது. அதை வாங்குகிறவர்கள் தேடுவது 1978 உலகக் கோப்பையின் பிரேசில்–ஸ்வீடன் ஆட்டத்தில், ஜூன் 3இன் ஒரு நொடியை: நெலின்யோ கார்னர் அடிக்கிறார், பந்து காற்றில் இருக்கும்போதே தாமஸ் விசில் ஊதுகிறார், ஸீக்கோவின் தலை பட்டுப் பந்து வலைக்குள் போகிறது, கோல் இல்லை. கிரஹாம் போலின் ‘சீயிங் ரெட்’ 2007இல் வந்ததற்கு 2006 உலகக் கோப்பையில் ஷ்டுட்கார்ட்டில் நடந்த குரோஷியா–ஆஸ்திரேலியா ஆட்டம்தான் காரணம். யோசிப் ஷிமுனிச்சுக்குக் காட்டிய இரண்டாம் மஞ்சள் அட்டையைத் தம் குறிப்பட்டையில் ஆஸ்திரேலியாவின் மூன்றாம் எண் ஆட்டக்காரர் பெயரில் அவர் எழுதிவிட்டார்; ஷிமுனிச் பிறந்தது கான்பராவில், பேசியதும் ஆஸ்திரேலிய உச்சரிப்பில். மூன்றாம் அட்டை வரை அந்தப் பிழை நீடித்தது. ஹவர்ட் வெப்பின் 2016 நூலை நகர்த்துவது 2010 இறுதியாட்டத்தில் டி யோங் ஷாபி அலோன்சோவின் மார்பில் பதித்த கால்தான். கொலீனாவின் நூல் இந்த அச்சுக்கு அடங்கவில்லை. ஆயத்தத்தைப் பற்றியது அது. ஆனால் அவருக்கும் 2002 இறுதியாட்டமும் உலகறிந்த முகமும் தேவைப்பட்டன.

இந்த நூல்களை வெறும் தற்காப்பு வாக்குமூலங்கள் என்று ஒதுக்கும் ஆய்வாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. போலின் அந்தக் குறிப்பட்டைப் பத்தி ஒன்று போதும்: நடுவரின் கவனம் எப்படிச் சிதறுகிறது என்பதை அவ்வளவு நெருக்கத்தில் காட்டும் ஆவணம் வேறில்லை. என் குறை நூல்கள் மேல் இல்லை. அவற்றைக் கொண்டு நடுவர் வரலாற்றை எழுதுவோர் மேல். பிழை செய்த நடுவருக்குப் பதிப்பாளர் கிடைக்கிறார், பிழையில்லாதவருக்குக் கிடைப்பதில்லை. ஆங்கிலம் பேசும் நாட்டு நடுவருக்குச் சந்தை இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. இந்த இரண்டு வடிகட்டிகளையும் கணக்கில் எடுக்காமல் எழுதினால் நடுவர் வரலாறு ஐரோப்பியத் தவறுகளின் வரலாறாக முடியும். சுப்பையா அதில் ‘முதல் ஆசியர்’ என்ற அடைமொழியாகவோ, ‘சலுகை’ என்ற அடிக்குறிப்பாகவோ மட்டுமே இடம்பெறுவார். அவர் மேல் ஏற்றப்பட்ட இரண்டு வாசிப்புகளும் இந்த வெற்றிடத்தில் விளைந்தவை.

இது சிங்கப்பூரின் குறை மட்டுமல்ல. சமயநல்லூரைத் தாண்டிப் போகும் இதே சாலையில் இருக்கிற திண்டுக்கல்லின் ரூபா தேவி, தமிழ்நாட்டிலிருந்து ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம்பெற்ற முதல் பெண். 2016இல் இடம்பெற்றார். அவரைப் பற்றி நாளிதழ்களில் எழுதப்பட்டதும் ‘முதல்’ என்ற சொல்லைச் சுற்றியே இருக்கிறது. எந்த ஆட்டத்தை எப்படி நடத்தினார், எந்தத் தருணத்தில் அட்டையை எடுக்காமல் வாயால் அடக்கினார் என்பதுதான் நமக்கு வேண்டியது. அது மேட்ச் ரிப்போர்ட்டிலும் நடுவரின் குறிப்பட்டையிலும் லைன்ஸ்மேனின் நினைவிலும் இருக்கும். புத்தகக் கடையில் இருக்காது. மாவட்டக் கால்பந்து சங்கங்கள் பழைய மேட்ச் ரிப்போர்ட்டுகளைத் தூக்கி எறியாமல் நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டும். மதுரையிலோ மலேயாவிலோ சிங்கப்பூரிலோ நடுவராக இருந்தவர்களின் குடும்பத்தார் வீட்டில் பழைய குறிப்பட்டைகள் இருந்தால் அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாமல் பத்திரப்படுத்த வேண்டும். கால்பந்து வரலாற்றை எழுதும் ஆய்வு மாணவர்கள் அந்த வீடுகளுக்கு முதலில் போக வேண்டும். நடுவர்களின் தன்வரலாறுகளை அதற்குப் பிறகு படிக்கலாம்.