விருந்தும் எச்சமும்: யாழ்ப்பாணத்துப் பந்தி பற்றிய ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

பண்டிகைக் காலங்களில் வீட்டுக் கழிவைக் குறைத்தல் பற்றி இன்று பேசுவோர் பலர் பழைய யாழ்ப்பாணத்து விருந்தினை முன்மாதிரியாக எடுத்துக்காட்டுவர். வாழையிலையில் உண்டோம், பனையோலைப் பிளாவிற் கூழ் குடித்தோம், எறிவதற்கு எதுவும் எஞ்சவில்லை என்பது அவர்தம் வாதம். இக்கூற்றில் உண்மையுண்டு. ஆனால் எஞ்சியவை எங்கே போயின, எவருடைய கைவழியாகப் போயின என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. அவ்வினாவே எமது கட்டுரைக்குப் பொருள்.

முதலிற் பொருளியல் அடித்தளத்தை நோக்குவோம். குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. சுண்ணக்கல்லின் மேற் படிந்த மண்ணில், கிணற்று நீரைக்கொண்டு, சிறு துண்டுக் காணிகளிற் செறிவாகப் பயிர்செய்ய வேண்டியிருந்தமையால் கமக்காரனுக்குப் பசளை எக்காலத்தும் போதாதிருந்தது. பனையோலையை வெட்டித் தோட்டத்திற் புதைத்தனர். பயிரில்லாத காலத்தில் ஆடுமாடுகளைப் பட்டியடைத்தனர். குப்பை என்னும் சொல் கமக்காரன் வாயில் எருவைக் குறித்தது. (விலைகொடுத்து வாங்கும் ஒரு பண்டத்தைக் குப்பை என அழைத்த சமூகம் அது என்பது மனங்கொளத்தக்கது.) இத்தகைய வீட்டில் பொங்கலன்றும் வருடப்பிறப்பன்றும் உண்ட இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் சென்றது. அரிசி கழுவிய நீரும் வடித்த கஞ்சியும் மாட்டின் தொட்டியை அடைந்தன. சிரட்டையும் பொச்சும் அடுப்பெரித்தன. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கியது. விருந்தின் எச்சம் மீண்டும் உற்பத்திக்குள் நுழைந்தது எனலாம். இதனை முன்னோரின் ஒழுக்கமாகக் கொண்டாடுவதிலும், பசளைப் பற்றாக்குறையின் விளைவாகக் காண்பதே பொருத்தமுடையது.

எனினும் மாடு தின்னும் இலைக்கும் மனிதர் உண்ணும் சோற்றுக்கும் வேறுபாடுண்டு. பெருவிருந்துகளிற் கிடாரக் கணக்கிற் சமைப்பது குடும்பத்தின் அந்தஸ்தைக் காட்டும் செயலாகும். சோறு முட்டுப்படுதல் மானக்கேடு, மிகுதல் பெருமை. அம்மிகுதியை ஏற்று உண்பதற்கெனச் சமூக அமைப்பே ஆட்களை நிறுத்தி வைத்திருந்தது. குடிமைத் தொழில் செய்தோரும் அடிமை நிலையில் இருந்தோரும் பந்தியில் அமர்வதற்கில்லை. பின்வளவில், மற்றையோர் உண்டு முடிந்த பின்னரே அவர்களுக்குச் சோறு கிடைத்தது. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றுள்ளன. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் நிலம் கைமாறாதவரையிற் பின்வளவுச் சோறு ஒழியவில்லை.

இன்று சூழலுக்கு இசைந்த பாத்திரமெனப் போற்றப்படும் பிளாவுக்கும் இத்தகைய இருமுகம் உண்டு. வீட்டார் கூடியிருந்து ஒடியற்கூழ் குடித்த அதே பிளா, தீண்டத்தகாதோரென ஒதுக்கப்பட்டோருக்கு நீர் வார்க்கவும் பயன்பட்டது. வீட்டுச் செம்பு 'தீட்டுப்படாமல்' இருத்தற்கு, பயன்படுத்தியபின் எறியத்தக்க பாத்திரம் வேண்டப்பட்டது. ஒருமுறை மட்டும் பயன்படும் பாத்திரம் பிளாஸ்ரிக்குடன் வந்ததன்று. சாதியம் அதனை முன்னரே அறிந்திருந்தது.

வீட்டினுள்ளேயும் மிகுதியை ஏற்போர் இருந்தனர். கடைசியில் உண்டவள் பெண். மறுநாட் காலையிற் பழஞ்சோற்றைப் பிசைந்து தின்றவளும் பெரும்பாலும் அவளே. பழஞ்சோற்றின் சுவையைப் புகழ்ந்தெழுதும் எமது எழுத்தாளர்கள், அதனைத் தெரிவு செய்து உண்டவர் யார், வேறின்றி உண்டவர் யார் எனப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இவ்வமைப்பு உடைந்த வரலாறு நாம் அறிந்ததே. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் கொங்கிரஸ் சம ஆசனம், சமபோசனம் ஆகியவற்றை வலியுறுத்தியது. 1930 அளவிற் பாடசாலைகளிற் சம ஆசனம் வந்தபோது சில பாடசாலைகள் தீக்கிரையாயின. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் சட்டத்தினை வாழ்வாக்க முனைந்தன. டானியலின் 'பஞ்சமர்' இப்போராட்டச் சூழலின் இலக்கியப் பேறாகும். சமமாக உண்ணும் உரிமை கோரியோர், எச்சத்தை உண்ணும் கடமையையும் உதறினர். விருந்து வைத்தோர் தமது மிகுதியைத் தாமே எதிர்நோக்க நேர்ந்தது அதன் பின்னரேயாகும்.

இடையில் இரு காலங்களிற் பற்றாக்குறையே அளவைக் கற்பித்தது. 1970களின் முற்பகுதியில் அரிசி, மா, சீனித் தட்டுப்பாடு. 1990இன் பின் பொருளாதாரத் தடை. மின்சாரமற்ற அக்காலத்தில் வெற்று ஜாம் போத்தல் விளக்காயிற்று. சீனியின் இடத்தைப் பனங்கட்டி பிடித்தது. அன்று கழிவு குறைந்தமை மெய்யே. முற்றுகையின் விளைவான அச்சிக்கனத்தை எவரும் முன்மாதிரியாகக் கொள்ள மாட்டார்.

2009இன் பின்னரான நிலைமை வேறு. விருந்து மண்டபத்துக்கும் ஒப்பந்தச் சமையலுக்கும் இடம்பெயர்ந்தது. புலம்பெயர்ந்தோர் பணம் பழைய அந்தஸ்துப் போட்டிக்குப் புதுவலு ஊட்டியது. நகர்ப்புற வீடுகளில் மாடு இல்லை. ஆதலால் அதே வாழையிலை பொலித்தீன் பையில் கட்டப்பட்டு வாயிலில் வைக்கப்படுகின்றது. பொருள் மாறவில்லை, அதனைச் சூழ்ந்த உறவு மாறியதால் தீனி கழிவாயிற்று. இலைக்குத் திரும்புவோம் என்போர் இதனைக் கருத்திற்கொள்வதில்லை. பின்வளவு இப்போது நகரத்துக்கு வெளியே உள்ளது: யாழ். மாநகரக் கழிவு கல்லுண்டாய் வெளியிற் கொட்டப்பட்டு வந்துள்ளது. கொழும்பிற்கு அண்மையிலுள்ள மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நாள் 2017 ஏப்ரில் 14, சித்திரைப் புத்தாண்டுத் தினம். பலியானோர் மேட்டின் அடியில் குடியிருந்த எளிய மக்கள். அவ்வாண்டு செப்ரெம்பரில் லஞ்ச் சீற், ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியன தடைசெய்யப்பட்டன.

ஆகவே பண்டிகை விருந்தின் கழிவைக் குறைக்க விழைவோர் கிடாரத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். வருவோர் தொகையை முன்கூட்டியே கேட்டறிந்து சமைத்தலும், இலையிற் கேட்டுப் பரிமாறுதலும் விருந்தோம்பலுக்கு இழுக்கல்ல. கொடுப்பதாயின் பந்திக்கு முன்னரே, வீட்டார் உண்ணும் அதே சோற்றைப் பகிர்தல் வேண்டும். பந்தி முடிந்தபின் மிகுதியை அனுப்புவது பழைய பின்வளவேயாம். இலையையும் மரக்கறித் தோலையும் வளவிலே கிடங்கு வெட்டித் தாழ்த்தலாம். தென்னைக்கும் வாழைக்கும் அது நல்ல பசளை. கிடங்கு வெட்டுவது கடினமான வேலையன்று. ஆயினும் அதனை வெட்டுவதற்கும் இலை பொறுக்குவதற்கும் நாட்கூலிக்கு ஆள்பிடித்து, அவருக்குப் பின்விறாந்தையிற் சோறு வைக்கும் வீடுகளையும் நாம் கண்டுள்ளோம்.