விட்ட இடத்திலிருந்து

தமிழ் வேதாகமத்தின் கதை தரங்கம்பாடி மணலில் தொடங்குகிறது. 1706 ஜூலையில் அங்கே கப்பலிலிருந்து இறங்கிய மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்க், ஒரு முதிய வாத்தியாரையும் அவரிடம் படித்த பிள்ளைகளையும் தம் வீட்டுக்கே வரவழைத்தார். அவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி, தமிழ் எழுத்து பழகினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே அங்கிருந்த டேனிஷ் கோட்டையின் தளபதி அவரைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதம் கழித்து வெளியே வந்தவர், வேலையைத் தொடர்ந்து 1711 மார்ச்சில் முடித்தார்.

முடித்ததை மக்கள் கையில் கொடுக்க அச்சுப்பொறி வேண்டும். இங்கிலாந்திலிருந்து அது கிளம்பியது. வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். கூட வந்த அச்சுக்காரர் பயணத்திலேயே இறந்துபோனார். ஆனாலும் பொறி வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் வந்தன. அவையோ அளவில் பெரியவை. இருந்த காகிதமோ கொஞ்சம். அந்த எழுத்தில் கோத்தால் புதிய ஏற்பாடு முழுவதற்கும் காகிதம் போதாது. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பொறையாற்றில் காகித ஆலைக்கும் ஏற்பாடு செய்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது.

சீகன்பால்க் பழைய ஏற்பாட்டிலும் கை வைத்தார். ஆதியாகமத்தில் தொடங்கி ரூத் வரை வந்தார். 1719 பிப்ரவரியில், 36 வயதில், காலமானார்.

அவர் கை நின்ற அந்த ரூத்தின் புத்தகத்தில் கடல் பிளப்பதில்லை, வானத்திலிருந்து குரல் கேட்பதில்லை. கணவனை இழந்த ஒரு பெண், மாமியாரோடு அவளுடைய சொந்த ஊருக்கு வந்து, யாரோ ஒருவருடைய வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குகிறாள். சாயங்காலம் அதைத் தட்டி, கிடைத்த வாற்கோதுமையை வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். மறுநாளும் வயலுக்குப் போகிறாள். அவளுடைய அந்த அன்றாடத்துக்குள்தான் ஆண்டவர் வேலை செய்கிறார். தாவீது ராஜாவின் வம்சமே அதிலிருந்து வருகிறது. தேவனைத் தேடுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் முதலில் அந்த வயலைத்தான் காட்டுவேன்.

சீகன்பால்க் போனபின்னும் மொழிபெயர்ப்பு வேலை நிற்கவில்லை. அவருக்குப் பின் வந்த மிஷனரி பெஞ்சமின் சூல்ட்சே அதைத் தொடர்ந்தார். 1728-ல் பழைய ஏற்பாடும் அச்சில் நிறைவேறியது. பிறகு சென்னை வேப்பேரியில் ஃபப்ரிசியஸ் ஐயர் முழு வேதத்தையும் புதிதாக எடுத்தார். 1761-ல் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றி வந்த அச்சுப்பொறி அவருக்குக் கிடைத்தது. அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வந்தது. பழைய ஏற்பாடு அச்சேறி முடிந்தது 1796-ல்; அவரோ 1791-லேயே மறைந்துவிட்டார். திருநெல்வேலியில் ஊழியம் செய்த ரேனியஸ் ஒரு திருத்தம் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு சைவப் பெருமகன் ஆறுமுக நாவலர் உட்கார்ந்து மொழிபெயர்ப்புக்கு உழைத்தார். ஹென்றி பவர் தலைமையில் முடிந்த திருத்தம் 1871-ல் முழு வேதாகமமாக வந்தது. இன்றும் நம் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது அதுதான்.

அங்கிருந்து அது வீட்டுக்கு வந்தது. கறுப்பு அட்டை, சிவப்பு ஓரம். முன்பக்க வெற்றுத்தாளில் தாத்தாவின் கையெழுத்தில் பிள்ளைகள் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், கல்யாண நாள். கீழே, வேறொரு பேனாவில், அதே தாத்தா கர்த்தருக்குள் நித்திரையடைந்த நாள். சங்கீதங்களின் ஓரத்தில் அம்மா பென்சிலால் குறித்த தேதிகள். ஒன்று மகனுடைய பரீட்சை, ஒன்று ஆபரேஷன், ஒன்று கடன் அடைந்த நாள். விளக்கேற்றியபின் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாக வாசித்த அதிகாரம் எல்லாருக்கும் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கஷ்டம் வந்த இரவில் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சமாக வாசித்த பழக்கம் தந்த விசுவாசம் அது.

நாமோ வருஷப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்தம் வாங்கி, ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்குகிறோம். மார்ச்சுக்குள் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறோம். பிறகு குற்ற உணர்ச்சி வந்து, புத்தகத்தைத் தொடவே கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சம் தேவையில்லை. இந்த வேதம் நம் கைக்கு வந்ததே, ஒருவர் முடிக்காமல் வைத்துப்போனதை இன்னொருவர் எடுத்துச் செய்ததால்தான். முடித்துக் காட்டினால்தான் ஏற்றுக்கொள்வேன் என்று ஆண்டவர் சீகன்பால்க்கிடம் கேட்கவில்லை, நம்மிடமும் கேட்கமாட்டார். எந்த அதிகாரத்தில் நின்றதோ, அதைத் திறந்து இன்றைக்குரிய பத்து வசனத்தை வாசியுங்கள். நாளைக்குரியதை நாளைக்கு அவர் தருவார்.