கல்லறைச் சன்னலிலிருந்து ஒரு கல்யாணப் பாட்டு

திருக்கோவிலூர்ப் பக்கம் லுத்தரன் துக்க வீட்டுக்குப் போனவர்களுக்கு இது பழகிய காட்சி. ஒப்பாரி கொஞ்சம் ஓயும். உபதேசியார் வேதப்புத்தகத்தைப் பிரிப்பார். அதற்குள் மூலையில் உட்கார்ந்திருக்கும் வயதான அம்மா ஒருவர் ஞானப்பாட்டு ஒன்றை எடுத்துவிடுவார். புத்தகம் வேண்டாம், ஆர்மோனியம் வேண்டாம். மெட்டு இழுத்து இழுத்து நகரும். தெருவில் நிற்கும் ஆம்பிளைகள் கடைசி அடியில் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

வாலிபர்களுக்கு இந்த இழுப்பு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடினாலும் "சாவுப் பாட்டு மாதிரி இருக்கு" என்பார்கள். சின்ன வயதில் நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னது பாதி சரி என்று பிறகுதான் தெரிந்தது. ஞானப்பாட்டாய் நம்மிடம் வந்த மெட்டுகளில் ஒன்றாவது சாவுக்கு நடுவில்தான் பிறந்தது. ஆனால் அது கல்யாணப் பாட்டு.

ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா பகுதியில் உன்னா என்று ஒரு சிற்றூர். 1597இல் அங்கே பிளேக் புகுந்தது. சில மாதங்களில் சுமார் 1,300 பேரைக் கொண்டுபோயிற்று. ஊரின் போதகர் பிலிப் நிக்கோலாய். அவருடைய வீட்டுச் சன்னல் திறந்தால் கல்லறைத் தோட்டம். ஒரு நாளில் இருபது, முப்பது அடக்கம்கூட நடந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் குடித்தபோது, கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சன்னலைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சன்னலோரம் உட்கார்ந்து நிக்கோலாய் நித்திய வாழ்வைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1599இல் அச்சான அதற்கு அவர் வைத்த பெயர் 'மகிழ்ச்சிக் கண்ணாடி'. அதன் பின்னிணைப்பில்தான் விடிவெள்ளியைப் பற்றிய பாட்டும், நள்ளிரவில் காவற்காரர் கூவி எழுப்பும் பாட்டும் வந்தன. விடிவெள்ளிப் பாட்டு 45ஆம் சங்கீதத்தைத் தழுவியது. கிறிஸ்து மணவாளன், ஆத்துமா மணவாட்டி. ஜெர்மனியில் நிஜக் கல்யாணங்களிலேயே பாடும் அளவுக்கு அது சந்தோஷமான பாட்டு.

பிணங்கள் போய்க்கொண்டிருக்கும் தெருவைப் பார்த்துக்கொண்டே ஒருவர் மணவறைப் பாட்டு எழுதுவதா? மனது கல்லாகியிருக்க வேண்டும் என்று முதலில் எனக்கும் தோன்றியது. இல்லை என்பதற்குச் சாட்சி அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. நிக்கோலாயிடம் படித்த மாணவன் ஒருவன், வால்டெக் குறுநிலத்தின் இளம் பிரபு வில்ஹெல்ம் எர்ன்ஸ்ட், 1598இல் இளம் வயதிலேயே இறந்துபோனான். பாட்டின் ஏழு சரணங்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் அவன் பெயர், பட்டம் இவற்றின் முதலெழுத்துகள் வரும். பாடுகிறவர்கள் காதில் அது விழாது. அச்சில் மேலிருந்து கீழாகப் பார்த்தால் மட்டும் தெரியும். துக்கத்தைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் சந்தோஷத்தை உட்கார வைக்கவில்லை அந்த மனிதர். சந்தோஷத்தின் முதுகெலும்பாகவே துக்கத்தை நிறுத்தி வைத்தார்.

மெட்டு நடக்க ஆரம்பித்தது. ஜெர்மனி முழுக்கப் பரவியது. 1725இல் இசையமைப்பாளர் பாக் அதை எடுத்துப் பெரிய இசைக்கோவையாக்கினார். டென்மார்க்குக்குப் போய் டேனிஷ் பேசியது. இதே லுத்தரன் பாட்டுப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டுதான் 1706 ஜூலையில் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கினார். அனுப்பியது டென்மார்க் ராஜா, வந்தவர் ஜெர்மானியர். இரண்டு வருஷத்தில் கோட்டையின் டேனிஷ் ஆளுநரே அவரைப் பிடித்து நாலு மாதம் சிறையில் போட்டார். வெளியே வந்தவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்தார், அச்சடித்தார், ஞானப்பாட்டுகளையும் தமிழாக்கினார்.

தமிழாக்குவது என்றால் லேசில்லை. மெட்டு ஜெர்மன் சொல்லுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதற்குள் தமிழை நுழைத்தால் குறில் நீளும், நெடில் குறுகும், சொல் பாதியில் ஒடியும். வாலிபர்கள் குறைப்படும் அந்த இழுப்பு இங்கிருந்தும் வந்திருக்கலாம். இந்தச் சங்கடம் பொறுக்காமலோ என்னவோ, பின்னால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் நம் ராகத்திலேயே கீர்த்தனைகளைக் கட்டிவிட்டார். ஆனாலும் சபை இரண்டையும் வைத்துக்கொண்டது.

ஞானப்பாட்டுக்குப் பதமான தமிழ் கொடுத்தவர் மிஷனரி பப்ரீசியுஸ். 1740இல் வந்து, ஐம்பது வருஷம் இங்கேயே இருந்து, கல்யாணம் செய்துகொள்ளாமல், வேதாகமத்தையும் பாட்டுகளையும் தமிழில் திருத்தித் திருத்தி எழுதியவர். 1761இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சு இயந்திரம் வேப்பேரியில் அவர் கைக்கு வந்தது. கடைசிக் காலம் மட்டும் கொடுமை. பிறர் பணத்தை வாங்கிக் கடன் கொடுத்து, அது திரும்பாமல் போக, கிழ வயதில் கடனுக்காகச் சிறை போனார். 1791இல் இறந்தார். ஆறுதல் பாட்டுகளை ஊருக்கெல்லாம் மொழிபெயர்த்துக் கொடுத்தவர் சிறைக்குள் எதைப் பாடினாரோ.

அங்கிருந்து நம் பக்கம் பாட்டு வந்த வழி ஒரு சண்டையால் திறந்தது. கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி, சபைக்குள் சாதியை விட்டுவைப்பதா என்ற கேள்வியில் தம் லைப்சிக் மிஷனோடு முரண்பட்டுப் பிரிந்து, தென்னார்க்காட்டில் பட்டாம்பாக்கத்தில் தங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் சங்கம் அவரோடு கைகோத்தது. அதன் வேலை தென்பெண்ணையை ஒட்டித் திருக்கோவிலூருக்கும் பரவியது. பள்ளிக்கூடம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. 1913இல் ஆற்காடு லுத்தரன் திருச்சபை உருவானது. டேனிஷ் பாதிரிக்குத் தாய்மொழியில் தெரிந்த மெட்டை, பண்ணையில் கூலி வேலை பார்த்தவர்கள் தமிழில் பாடினார்கள்.

பாட்டு வந்து சேர்ந்த ஊர் துக்கம் தெரியாத ஊர் இல்லை. தென்பெண்ணைக்குள் கபிலர் குன்று நிற்கிறது. நண்பன் பாரியைப் பறிகொடுத்து, அவன் பெண்களைக் கரையேற்ற அலைந்த கபிலர், இங்கேதான் வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது இலக்கிய வழக்கு. தீப்புகுந்தார் என்கிறது வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு. 2024 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஆறு கரை மீறி வீடுகளுக்குள் நுழைந்தது. அடுத்த சில வாரத்தில் கிறிஸ்துமஸ். ஈரம் காயாத சுவருக்கு முன்னால் நட்சத்திரம் கட்டிப் பாடுவதை, இந்தப் பாட்டின் பிறப்பு தெரிந்தவர் யாரும் விசித்திரம் என்று சொல்லமாட்டார்.

ஒன்று மட்டும் வழியில் தொலைந்தது. வேற்றுமொழிக்குப் போகும்போது முதலில் உதிர்வது முதலெழுத்துக் கோவைதான். வில்ஹெல்ம் எர்ன்ஸ்டின் பெயர் ஜெர்மனியிலேயே நின்றுவிட்டது. திருக்கோவிலூருக்கு வந்த பாட்டில் அந்த இடம் காலி. மூலையில் உட்கார்ந்து பாட்டெடுக்கும் அம்மாவுக்கு அது தெரியாது. ஆனால் ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் மூச்சு வாங்கும்போது, பெட்டிக்குள் இருப்பவரின் பெயரைச் சொல்லி ஒரு முறை அழுதுவிட்டுத்தான் அடுத்த அடிக்குப் போகிறார்.