விண்வெளி நிலையத்தில் இந்தியர்

விண்வெளி நிலையம் என்பது, மனிதர்கள் பல நாள் தங்கி ஆய்வு செய்வதற்காகப் புவியைச் சுற்றிவரும் கலம். முதல் நிலையமான சல்யூட்-1-ஐ 1971 ஏப்ரலில் சோவியத் ஒன்றியம் ஏவியது. இந்தியக் குடிமக்கள் 1984இலும் 2025இலும் இத்தகைய நிலையங்களில் தங்கிப் பணியாற்றினர்.

சல்யூட்-7

விமானப்படை அதிகாரி ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11 கலத்தில் யூரி மாலிஷெவ், கென்னாடி ஸ்ட்ரெக்கலோவ் ஆகியோருடன் புறப்பட்டு, மறுநாள் சோவியத் நிலையமான சல்யூட்-7-ஐ அடைந்தார். இந்திய நிலப்பரப்பைப் படமெடுப்பது அவரது முக்கியப் பணி. எடையின்மையைச் சமாளிக்க யோகாசனம் உதவுமா என்பதையும் தம் உடலிலேயே சோதித்தார். ஏப்ரல் 11 அன்று புவி திரும்பினார்.

அன்றாட வாழ்க்கை

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் 2 முதல் மனிதர்கள் இடைவிடாமல் வாழ்ந்துவருகின்றனர். சுமார் 400 கி.மீ. உயரத்தில் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை அது புவியைச் சுற்றுகிறது. நாளுக்கு 16 முறை சூரியன் உதிப்பதால், வேலையும் உறக்கமும் கடிகாரத்தைப் பார்த்தே நடக்கின்றன. அங்கும் புவியீர்ப்பு உண்டு. ஆனால் நிலையமும் அதில் இருப்பவர்களும் சேர்ந்தே புவியை நோக்கி விழுந்தபடி சுற்றுவதால் எடை தெரிவதில்லை. உடலைத் தாங்கும் வேலை இல்லாமல் எலும்பும் தசையும் நலிவதால், தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கின்றனர். வியர்வையும் சிறுநீரும்கூடச் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகின்றன.

ஆக்சியம்-4

சர்மாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பின், விமானப்படையின் குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லா ஆக்சியம்-4 பயணத்தில் 2025 ஜூன் 26 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்தை அடைந்தார். வெந்தயமும் பாசிப்பயறும் முளைப்பதையும், நுண்பாசிகளின் வளர்ச்சியையும், தசைச் செல்களின் போக்கையும் ஆராய்ந்தார். கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் அவருடன் சென்றன. ஜூலை 15 அன்று புவி திரும்பினார்.

சொந்த நிலையம்

மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்டன. சுக்லாவும், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் அவர்களில் இருவர். இத்திட்டத்தின் ராக்கெட்டுக்கான, மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் என்ஜின் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்டது. அடுத்த கட்டமாக, ஐந்து பகுதிகள் கொண்ட பாரதிய அந்தரிக்ஷ நிலையத்தை 2035க்குள் அமைப்பது இந்தியாவின் இலக்கு.

சர்மாவும் சுக்லாவும் பிறரது நிலையங்களில் நாள்கணக்கில்தான் தங்க முடிந்தது. எலும்புத் தேய்மானத்தை முழுமையாக அறியவும், விதையிலிருந்து மீண்டும் விதைவரை ஒரு பயிரை வளர்த்துப் பார்க்கவும் மாதங்கள் வேண்டும். அந்தக் கால அவகாசத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை இந்திய அறிவியலுக்குச் சொந்த நிலையம் தரும்.