தரவுத்தளப் படி இறக்குமதி

தரவுத்தளப் படி இறக்குமதி என்பது, ஓர் இணையத்தளத்தின் உள்ளடக்கத்தைக் கொண்ட டம்ப் கோப்பை, தனிக் கணினியிலோ பள்ளி, நூலகம் போன்றவற்றின் உள்ளகப் பிணையத்திலோ நிறுவப்பட்ட தளத்தினுள் ஏற்றுவதாகும். 2003 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவின் தரவு, விக்கிமீடியா நிறுவனத்தால் இவ்வாறு கோப்புகளாக வெளியிடப்படுகின்றது. எவரும் கட்டணமின்றித் தரவிறக்கலாம். அதை மீடியாவிக்கி மென்பொருளில் ஏற்றினால், இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் கட்டுரைகளைப் படிக்கவும் தொகுத்துப் பழகவும் இயலும். படிக்க மட்டும் வேண்டுவோருக்கு இவ்வளவு உழைப்பு தேவையில்லை, கிவிக்ஸ் போதும்.

கோப்பின் உள்ளடக்கம்

கட்டுரைகளும் வார்ப்புருக்களும் எக்ஸ்எம்எல் வடிவில், சுருக்கப்பட்டுக் கிடைக்கின்றன. பக்கங்களின் அண்மைய பதிப்பு மட்டும் உள்ள கோப்பு ஒன்று, முழு வரலாறும் உள்ள கோப்பு மற்றொன்று. உள்ளகப் பயன்பாட்டுக்கு முதலாவதே பொருத்தமானது. படிமங்களும் பயனர்களின் கடவுச்சொற்களும் இவற்றில் இரா. இணைப்பு அட்டவணைகள் எஸ்கியூஎல் கோப்புகளாகத் தனியே உள்ளன.

ஏற்றும் முறை

உலாவி வழியே ஏற்றுவது சில பக்கங்களுக்கு மட்டுமே உதவும். பிஎச்பியின் இயல்பான பதிவேற்ற வரம்பு 2 மெகாபைட்டே. முழுக் கோப்புக்கு மீடியாவிக்கியின் பராமரிப்பு நிரல்களில் ஒன்றான இம்போர்ட்டம்ப் நிரலைக் கட்டளை வரியில் இயக்க வேண்டும். இது மிக மெதுவானது. முடிந்தபின் அண்மைய மாற்றங்களையும் புள்ளிவிவரங்களையும் மறுகட்டமைக்கும் நிரல்களை இயக்குதல் வேண்டும்.

தளத்தின் மொழி தமிழாக அமைக்கப்படாவிடின், 'பகுப்பு' என்னும் முன்னொட்டை மென்பொருள் அறியாது. பகுப்புகள் வெறும் இணைப்புகளாகத் தோன்றும். பார்சர் பங்சன்ஸ், லுவா நிரல்களை இயக்கும் ஸ்கிரிபன்டோ ஆகிய நீட்சிகள் இல்லையெனில் தகவற்சட்டங்கள் சிதைந்து காணப்படும்.

எஸ்கியூஎல் கோப்பை ஏற்றுமுன் காப்புநகல் எடுப்பது கட்டாயம். இத்தகைய கோப்புகளில் பழைய அட்டவணையை நீக்கும் கட்டளை வழக்கமாகவே இருக்கும். உள்ளகத் தளத்தில் மாணவர் எழுதியவை அதே அட்டவணையில் இருந்தால், அவை எச்சரிக்கையின்றி அழிந்துவிடும்.

தமிழ் எழுத்துக் குறியாக்கம்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான 'தொண்டி'யின் பெயரை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு மூன்று எழுத்துகள்; ஒருங்குறியில் ஆறு குறியீடுகள்; தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 இல் மூன்று பைட்டுகள் ஆதலால் மொத்தம் 18 பைட்டுகள். மீடியாவிக்கியில் தலைப்புக்கான வரம்பு 255 பைட்டுகள். எனவே தமிழ்த் தலைப்பு 85 குறியீடுகளைத் தாண்ட முடியாது.

கோப்பு யூடிஎஃப்-8 ஆகவும் தரவுத்தள இணைப்பு லத்தீன்-1 ஆகவும் இருந்தால், ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகக் கொள்ளப்பட்டு, தமிழ் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாக மாறும். இது பெரும்பாலும் மீட்கத்தக்கது. அட்டவணையே லத்தீன்-1 ஆக இருந்து, இணைப்பு சரியாக இருந்தால் நிலை மோசம்: மையெஸ்கியூஎல் கண்டிப்பு முறையில் இயங்காதபோது 'தொண்டி' ஆறு கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். அவற்றிலிருந்து மூலத்தைப் பெற வழியில்லை. மீண்டும் ஏற்றுவதொன்றே வழி.

கண்ணுக்குப் புலப்படாத சிக்கல் ஒன்றும் உண்டு. 'தொ'வில் உள்ள ஒகரக் குறியை 3018 என்னும் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி (3014), கால் (3006) என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மீடியாவிக்கி உள்ளீட்டை முதல் வடிவுக்கு மாற்றிவிடுகின்றது. அவ்வாறு செய்யாத மென்பொருளில் 'தொண்டி' என்று தேடினால், அங்கேயே உள்ள பக்கம் கிடைக்காமல் போகலாம். தகுதரம் போன்ற பழைய குறியாக்கங்களில் உள்ள தளங்களின் கோப்புகளை முதலில் ஒருங்குறிக்கு மாற்றியே ஏற்ற வேண்டும்.

உரிமம்

உரை 2009 முதல் படைப்பாக்கப் பொதுமங்களின் உரிமத்தின் கீழ் உள்ளது. ஆக்கியோரைக் குறிப்பிடுதல் அதன் நிபந்தனை. அண்மைய பதிப்பு மட்டுமுள்ள கோப்பில் கடைசியாகத் தொகுத்தவரின் பெயரே இருக்குமாதலால், பிறர் பார்வைக்கு வைக்கப்படும் உள்ளகத் தளத்தில் மூலக் கட்டுரையின் முகவரியையும் தருதல் வேண்டும். உள்ளகத்தில் செய்யும் திருத்தங்கள் மூலத் தளத்துக்குத் தாமாகச் செல்வதில்லை. பிழை கண்டவர் அங்கும் சென்று திருத்த வேண்டியிருக்கும்.