கரூர்: ஆன்பொருநைக் கரையின் தொழில்நகர்

கரூர் நகரம் அமராவதி ஆற்றங்கரையில், அந்த ஆறு காவிரியில் கலக்கும் திருமுக்கூடலூருக்குத் தென்மேற்கே அமைந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் ஆன்பொருநை என்று வருவது இந்த அமராவதிதான். நகருக்கு வடக்கே காவிரி ஓடுகிறது. மேற்கே கொங்கின் மேட்டுநிலம் பாலக்காட்டுக் கணவாய் வரை நீள்கிறது. வாய்க்கால் நீர் எட்டும் இடங்களில் வாழை, வெற்றிலை, கரும்பு, கோரை; அரவக்குறிச்சிப் பக்கம் போனால் வானம் பார்த்த பூமி, அங்கே முருங்கைதான் பெரும்பயிர். கீழைக் கடலும் மேலைக் கடலும் இந்த ஊருக்குத் தொலைவு. ஆயினும் வரலாற்றின் தொடக்கத்திலும் அண்மைக் காலத்திலும் கரூரின் பெருவாணிகம் கடல் கடந்தே நடந்திருக்கிறது. இவ்வூரை வளர்த்ததில் மண்வளத்தைவிட வழிகள் கூடும் இடம் என்ற நிலைக்கே பங்கு மிகுதி.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நிலநூல் எழுதிய தாலமி, தமிழகத்தின் உள்நாட்டு நகர்களைப் பட்டியலிடும்போது 'கரூரா' என்ற ஊரைச் சேர அரசனின் இருப்பிடமாகக் குறிக்கிறார். சேரர் தலைநகரான வஞ்சி இந்தக் கரூரா, மேலைக் கடற்கரையின் கொடுங்கல்லூரா என்பது தமிழறிஞர்களிடையே நெடுங்காலம் நடந்த வழக்கு. கரூரே வஞ்சி என நிறுவ இரா. இராகவையங்கார் 'வஞ்சிமாநகர்' என்ற தனிநூலே எழுதினார். அவர் காலத்தில் இலக்கியச் சான்றுகளைக் கொண்டு நடந்த வழக்குக்குப் பின்னாளில் கல்லும் காசும் சாட்சி சொல்ல வந்தன.

கல் புகளூரில் இருக்கிறது. வேலாயுதம்பாளையம் ஆறுநாட்டார் மலைக் குகைத்தளத்தில் உள்ள தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் சமண முனிவர்க்குப் படுக்கை வெட்டிக் கொடுத்ததைச் சொல்கின்றன. அவற்றுள் ஒன்றில் ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறை அரசர் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பதிற்றுப்பத்துப் பதிகங்கள் கூறும் இரும்பொறை மரபோடு இவ்வரிசை ஒத்துப்போவதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டினார். தொழில் வரலாற்றை நாடுவோர்க்கு இதைவிட அருமையானது அதே மலையின் வேறொரு கல்வெட்டு. நத்தி என்ற கருவூர்ப் பொன் வாணிகன் கொடுத்த கொடையை அது பதிவு செய்கிறது. தன் தொழிலைப் பெயருக்கு முன்னே வைத்துக் கல்லில் வெட்டிக்கொண்ட அந்தப் பொன் வாணிகனே பெயர் தெரிந்த பழைய கரூர் வணிகருள் ஒருவன்.

காசு ஆற்றில் கிடைத்தது. அமராவதி மணலில் உரோமானிய வெள்ளிக் காசுகளும் செப்புக் காசுகளும், சேரரின் வில் அம்பு பொறித்த சதுரச் செப்புக் காசுகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அரசனின் தலையுருவோடு 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த காசுகள் நாணயவியலரின் பெரும் கவனத்தைப் பெற்றவை. தலையுருவைக் காசில் பதிக்கும் வழக்கமே உரோமானியக் காசுகளைப் பார்த்து வந்தது என்பது பலரது கருத்து. 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறை நகரில் நடத்திய அகழாய்வில் மதுச்சாடிகளான ஆம்போரா ஓடுகளும், உருளைக் கோட்டு அலங்காரம் கொண்ட மண்கல ஓடுகளும் வெளிப்பட்டன. கரூருக்கு மேற்கே, நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அங்கே கல்மணிகள் இழைத்ததற்கும் இரும்பு உருக்கியதற்கும் தடயங்கள் உள்ளன. காங்கேயம், கரூர் வட்டாரப் பாறைகளில் நிலாக்கல் முதலிய நிறக்கற்கள் இன்றும் கிடைக்கின்றன. மேலைக் கடற்கரையிலிருந்து கணவாய் வழியே வந்த பெருவழி இந்தக் கல்லும் இரும்பும் விளையும் நிலத்தைக் கடந்து கரூரைத் தொட்டுக் காவிரி வழியே கிழக்கே போயிற்று.

சோழர் காலத்தில் ஊர் 'வெங்கால நாட்டுக் கருவூரான முடிவழங்கு சோழபுரம்' ஆயிற்று. பசுபதீசுவரர் கோயில் ஞானசம்பந்தர் பாடிய ஆனிலை. பெரியபுராணம் கூறும் எறிபத்த நாயனார், புகழ்ச்சோழ நாயனார் வரலாறுகள் நிகழும் களம் இவ்வூரே. தஞ்சை இராசராசேச்சரத்தையும் கங்கைகொண்ட சோழீச்சரத்தையும் பாடிய கருவூர்த் தேவர் இவ்வூர்ப் பெயராலேயே அறியப்படுகிறார்.

வழிகள் கூடும் ஊர் படைகள் கூடும் ஊராகவும் ஆவது இயல்பு. மைசூர் நாட்டுக்கும் திருச்சிராப்பள்ளிச் சீமைக்கும் எல்லைக் கோட்டையாக நின்ற கரூரை ஆங்கிலேயர் 1760, 1768, 1783, 1790 ஆகிய ஆண்டுகளில் கைப்பற்றினர். ஒவ்வொரு முறையும் அது திரும்ப மைசூரின் கைக்கே போயிற்று. 1799இல் திப்பு வீழ்ந்த பின்னரே ஊர் நிலையாகக் கும்பினி ஆட்சிக்குள் வந்தது. நாற்பது ஆண்டுப் போரில் கோட்டை அழிந்தது. இராயனூரில் அக்காலப் போரில் இறந்தவர்க்கான நினைவுச்சின்னம் எஞ்சியிருக்கிறது.

1860களில் திருச்சியையும் ஈரோட்டையும் இணைத்த இருப்புப்பாதை கரூர் வழியே போடப்பட்டது. 1874இல் நகராட்சி அமைந்தது. கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்த வட்டம் 1910இல் திருச்சி மாவட்டத்துக்கு மாறியது. 1995இல் கரூரே தனி மாவட்டத் தலைநகராயிற்று. பேச்சிலும் உறவிலும் கொங்காகவும், ஆட்சியில் சோழநாட்டோடு சேர்ந்ததாகவும் ஊர் நெடுங்காலம் இருந்தது.

கரூரின் நவீனத் தொழில் வரலாற்றைத் தறியிலிருந்து தொடங்குவதைவிட வங்கியிலிருந்து தொடங்குவதே பொருந்தும். 1916இல் மா.அ. வெங்கடராம செட்டியாரும் ஆதி கிருஷ்ண செட்டியாரும் கரூர் வைசியா வங்கியை நிறுவினர். தொடக்க முதல் ஒரு இலட்சம் ரூபாய். பத்தாண்டு கழித்து, 1926இல், வி.எஸ்.என். இராமலிங்க செட்டியார் தலைமையில் ஏழு வணிகர்கள் இலட்சுமி விலாஸ் வங்கியைத் தொடங்கினர். சிறிய உள்நாட்டு ஊர் ஒன்று பத்தாண்டில் இரண்டு வங்கிகளைத் தந்தது தமிழக வணிக வரலாற்றில் அரிய செய்தி. வட்டிக்கடையையும் கைமாற்றையும் நம்பியிருந்த வியாபாரிக்கும் விவசாயிக்கும் தன் ஊரிலேயே, தன்னை அறிந்தவரிடமே கடன் கிடைத்தது. நூல் வாங்கவும் தறி போடவும் அந்தப் பணம் பயன்பட்டது. முதல் வங்கி இன்றும் கரூரைத் தலைமையிடமாகக் கொண்டு நாடெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. இரண்டாவது வங்கி வாராக்கடன் சுமையால் நலிந்து 2020 நவம்பரில் டிபிஎஸ் இந்திய வங்கியோடு இணைக்கப்பட்டது. பங்குதாரர்களின் பங்குகள் முழுதும் மதிப்பிழந்தன. 94 ஆண்டு வாழ்ந்த ஒரு பெயர் மறைந்தது கரூர் மக்களுக்குப் பெரிய இழப்பு.

நெசவு இவ்வூரில் எவ்வளவு பழையது என்று வரையறுத்துச் சொல்லச் சான்று போதாது. அகநானூற்றில் பாடிய கருவூர்க் கலிங்கத்தாரின் பெயரிலுள்ள கலிங்கம் ஆடையைக் குறிப்பதா நாட்டைக் குறிப்பதா என்பது தீராத ஐயம். 20ஆம் நூற்றாண்டில் கரூர்க் கைத்தறி என்றால் போர்வை, படுக்கை விரிப்பு, துண்டு ஆகியவையே. காஞ்சிபுரம் போலப் பட்டையோ, நுண்ணிய சேலையையோ கரூர் நாடவில்லை. 10, 20 என்ற குறைந்த எண் கொண்ட பருமனான நூல், அகலத் தறி, கட்டமும் பட்டையுமான அழுத்தமான சாயம் ஆகியவையே அதன் தனித்தன்மை. ஏற்றுமதிக் காலம் வந்தபோது இதுவே கைகொடுத்தது. மேலைநாட்டு வீடுகளுக்கு வேண்டிய மேசை விரிப்பு, திரைச்சீலை, சமையலறைத் துண்டு, கையுறை, மெத்தை உறை எல்லாம் இதே தடித்த பருத்தித் துணிதான். பின்னலாடையில் திருப்பூர் முன்னேறியது. வீட்டுத்துணியில் கரூர் பெயரெடுத்தது. இந்திய அரசு ஏற்றுமதிச் சிறப்பு நகரங்களின் பட்டியலில் கைத்தறிக்காகக் கரூரைச் சேர்த்திருக்கிறது.

இத்தொழில் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் நடப்பதில்லை. ஏற்றுமதியாளரிடம் வெளிநாட்டு ஆர்டரும், மாதிரி அறையும், பரிசோதனை மேசையும் இருக்கும்; தறி இருக்கவேண்டும் என்பதில்லை. நூல் கோவை, திண்டுக்கல் வட்டார ஆலைகளிலிருந்து வரும். சாயப்பட்டறை, பாவு ஓட்டுபவர், அச்சுப் பிணைப்பவர், தார் சுற்றுபவர், தறிக்காரர், வெட்டித் தைப்பவர், மடித்துக் கட்டுபவர் எனத் துணி கைமாறிக்கொண்டே போகும். சுற்றுவட்டார ஊர்களின் வீட்டுத்தறிகள் விசைத்தறியாயின. பின்னர் தானியங்கித் தறிகள் வந்தன. கைத்தறியின் இடம் சுருங்கிவிட்டது. முடிந்த சரக்கு பெட்டிலாரிகளில் தூத்துக்குடித் துறைமுகம் போகிறது.

கொசுவலைத் தொழில் துணித்தொழிலின் ஒன்றுவிட்ட உறவு. பாலிஎத்திலீன் குருணையை உருக்கி, நுண்துளைகள் வழியே இழையாகத் தள்ளி, நீரில் குளிரவைத்து, சூடேற்றி இழுத்து மெலிதாக்கி, பாவாகச் சுற்றிப் பின்னல் எந்திரத்தில் கொடுத்தால் வலை விழும். பருத்தி வலையைப் போல நைந்துபோகாததாலும் விலை குறைந்ததாலும் இது நாடெங்கும் பரவியது. கொசுக்கொல்லி மருந்தை உருகும் குருணையிலேயே கலந்து, பலமுறை துவைத்தாலும் வீரியம் குன்றாத வலைகளையும் கரூர் ஆலைகள் செய்கின்றன. மலேரியா மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கு இவை போகின்றன. ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும் பொருள் இந்த ஊரில் விளைகிறது என்பது கரூருக்குப் பெருமை.

பேருந்துக்குப் 'பாடி கட்டும்' தொழிலுக்கும் தமிழ்நாட்டில் கரூர் தலையாய இடம். வெறும் எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டத்தை ஓட்டுநர் திறந்தவெளியில் உட்கார்ந்தபடியே சாலைவழி ஓட்டிக்கொண்டு வந்து பட்டறையில் விடுவார். இரும்புக் குழாயில் கூடு, அதன்மேல் தகடு, உள்ளே பலகைத் தளம், இருக்கை, விளக்கு, கண்ணாடி, வண்ணம் என்று கொல்லர், தச்சர், தையற்காரர், மின்பணியாளர், ஓவியர் அனைவரும் ஒரே வண்டியில் வேலை செய்கிறார்கள். தனியார் பேருந்து முதலாளிகள் தத்தம் விருப்பப்படி முகப்பையும் இருக்கையையும் கேட்டு வாங்க முடிந்ததே இப்பட்டறைகளின் வலிமை. ஏஐஎஸ் 052 என்ற பேருந்துக் கூடு அமைப்பு விதிமுறை கட்டாயமான பின், சான்றளிப்புச் செலவைத் தாங்கமுடியாத சிறு பட்டறைகள் நெருக்கடிக்கு உள்ளாயின.

பெரிய ஆலைகள் நகருக்கு வெளியே உள்ளன: புலியூரில் சிமெண்ட், புகளூரில் சர்க்கரை, காகிதபுரத்தில் காகிதம். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979இல் மாநில அரசால் உலக வங்கிக் கடனுதவியுடன் அமைக்கப்பட்டது. தொடக்கத் திறன் ஆண்டுக்கு 90,000 டன். மரத்தை மட்டும் நம்பாமல் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டது அதன் சிறப்பு. சக்கையைத் தம் கொதிகலனில் எரித்துவந்த சர்க்கரை ஆலைகள் அதை எளிதில் விட்டுத்தரா. ஆகவே மாற்று எரிபொருளையோ நீராவியையோ கொடுத்துச் சக்கையைப் பெறும் பண்டமாற்று முறையை நிறுவனம் வகுத்தது.

இத்தொழில்களுக்கெல்லாம் விலை கொடுத்தது ஆறு. பருத்திக்கு வினைச்சாயம் ஏற ஒரு லிட்டர் நீருக்குப் பல பத்து கிராம் உப்பு வேண்டும். நிறத்தைச் சுண்ணாம்பிட்டு நீக்கலாம். கரைந்த உப்பு அப்படிப் போகாது. சாயக்கழிவு அமராவதியில் கலந்து, கரையோரக் கிணறுகள் உவர்த்தன. நெல்லும் தென்னையும் வாடின. மேற்கே திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் வழியே வந்து கரூர் மாவட்ட நிலங்களையும் கெடுத்தது. விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற விதி வந்தது. கரூரில் பல சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. எஞ்சியவை சவ்வு வடிகட்டியில் நீரை மீட்டு, உப்புக் கரைசலைத் திரும்பச் சாயத்தொட்டிக்கே அனுப்புகின்றன. மீட்க முடியாத கலப்பு உப்பும் கசடும் மூட்டைகளாகக் கொட்டகைகளில் சேர்கின்றன. ஆற்றில் புதுவெள்ளம் வரும் ஆண்டுகளில் கிணறுகளின் உவர் சற்றுக் குறைகிறது.