'என்' என்று தொடங்கும் எண்

போன வருஷம் கார் வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் கழித்து வாங்கிய முதல் புதுக் கார். சிரம்பானில் கடன் தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டு முடித்ததும் விற்பனையாளர் கேட்டார். "நம்பர் என்ன செய்யலாம் தம்பி? ஏலத்துல போடணுமா, ரன்னிங் நம்பரே போதுமா?" ரன்னிங் நம்பர் என்றால் வரிசையில் அடுத்து வருவது. காசு அதிகம் இல்லை, விருப்பமும் கிடையாது.

நான் தயாராக இருந்தேன். "217 கிடைக்குமா பாருங்கண்ணே" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். அங்கே ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து சாலையைக் கடக்கும்போதுதான் கேட்டார். "அந்த நம்பரு எதுக்குடா உனக்கு?"

217 தாத்தாவின் செக்ரோல் நம்பர். ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது சொச்சம் வருஷம் பால்மரம் வெட்டினார். சம்பளப் பட்டியலில் அவ்வளவு வருஷமும் அந்த எண்ணுக்கு நேரேதான் அவர் பெயர் இருந்தது. அந்தத் தோட்டம் முதலில் செம்பனையாக மாறியது, பிறகு வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. லயத்து வீடு இல்லை, செக்ரோல் புத்தகம் இல்லை, தாத்தா வேலை செய்வதுபோல ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. மிச்சம் இருப்பது அந்த மூன்று இலக்கம் மட்டும்தான். அதைக் காரில் மாட்டினால் என்ன தப்பு என்றுதான் நினைத்தேன்.

அப்பாவின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பதில் தேடப் போய்த்தான் வண்டி எண்களின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

வண்டிக்கு எண் மாட்டும் வழக்கம் பெருமைக்காக வந்தது இல்லை, பிடிப்பதற்காக வந்தது. 1893-இல் பாரிஸ் போலீஸ், மோட்டார் வண்டிகளில் உரிமையாளரின் பெயர், முகவரியோடு ஒரு எண்ணையும் உலோகத் தகட்டில் பொறிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இடித்துவிட்டு ஓடுகிறவனை அடையாளம் காண வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டன் 1903-இல் சட்டம் இயற்றி அடுத்த வருஷத்திலிருந்து எல்லாக் கார்களுக்கும் எண் கொடுத்தது. ஆனால் அங்கேயே கதை திரும்பிவிட்டது. தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணன் ரஸ்ஸல் பிரபு, லண்டனின் 'ஏ 1' என்ற எண்ணுக்காக ராத்திரி முழுக்க வரிசையில் நின்று வாங்கினார் என்று சொல்வார்கள். கண்காணிக்க வந்த தகடு, முதல் நாளிலேயே ஒருத்தருக்கு மகுடமாகிவிட்டது.

நம் நாட்டுக்கும் அந்த முறைதான் வந்தது. இன்றைய ஏற்பாட்டில் தீபகற்பத்தின் சில மாநிலங்களுக்கு அகரவரிசை எழுத்துகள்: பேராக்குக்கு ஏ, சிலாங்கூருக்கு பி, பகாங்குக்கு சி, கிளந்தானுக்கு டி. வேறு பலவற்றுக்குப் பெயரின் முதல் எழுத்து: ஜொகூருக்கு ஜே, கெடாவுக்கு கே, மலாக்காவுக்கு எம். அப்படி நெகிரி செம்பிலானுக்குக் கிடைத்தது 'என்'.

இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். என். பிறகு ஓர் எண். இங்லீஷ்காரனுக்கு அது வெறும் எழுத்து, நமக்கு அது 'என்னுடைய'. இந்த மாநிலத்தில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் தமிழில் சொந்தம் கொண்டாடிக்கொண்டுதான் ஓடுகிறது. போதாததற்கு, 'செம்பிலான்' என்றாலே ஒன்பது. ஒன்பது நாடுகள் சேர்ந்த மாநிலம். மலாய்க்காரர்கள் அதைச் சுருக்கி 'என் 9' என்றே எழுதுவார்கள். அப்படிப் பார்த்தால் 'என் 9' என்ற தகடு மாநிலத்தின் பெயரேதான்.

பொறியியல் படித்தவனுக்குக் கை சும்மா இருக்காது. கணக்குப் போட்டேன். எண்கள் 1-இலிருந்து 9999 வரை, முன்னால் பூஜ்யம் வராது. பின்னால் சேரும் எழுத்துகளில் ஐ, ஓ இரண்டும் இல்லை, அவை ஒன்றையும் பூஜ்யத்தையும் போலத் தெரியும் என்பதால். இசட் ராணுவத்துக்கு. மிச்சம் 23 எழுத்து. ஆக, தனி 'என்' வரிசையில் 9,999 வண்டி. இன்னொரு எழுத்து சேர்ந்தால் 2,29,977. இரண்டு எழுத்து சேர்ந்தால் 52 லட்சத்துக்கும் மேல். இன்று மூன்று எழுத்து வரிசை ஓடுகிறது. அதனால் தகட்டைப் பார்த்தே வண்டியின் வயதைச் சொல்லிவிடலாம். எங்கள் பக்கம் ஒரு பழைய மோட்டாரில் எழுத்து எத்தனை என்று பார்த்தாலே அது யார் காலத்து வண்டி என்று தெரியும்.

இந்த எண்களுக்குள் வண்டிக்குப் பொருத்தமானதைத் தேடும் விளையாட்டை அரசாங்கமும் கார் கம்பெனியும் சேர்ந்தே ஆடியிருக்கின்றன. 2000-இல் புரோட்டோன் 'வாஜா' காரைக் கொண்டுவந்தபோது, மாநில எழுத்துக்குப் பதில் 'வாஜா' என்ற சொல்லையே தாங்கிய தகடுகள் வெளிவந்தன. மலாயில் வாஜா என்றால் எஃகு. காரின் பின்பக்கம் எழுதியிருப்பதே தகட்டிலும் இருக்கும். சிலாங்கூரின் மூன்று எழுத்து வரிசை நகர்ந்து நகர்ந்து பி-எம்-டபிள்யூ வந்தபோது, அதே பெயருள்ள ஜெர்மன் கார் வைத்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நாள் என்று சொல்லத் தேவையில்லை. கோலாலம்பூரின் டபிள்யூ வரிசை 2013-இல் தீர்ந்துபோய், எண்ணுக்குப் பின்னால் எழுத்து சேர்க்கும் முறை வந்தது. 'டபிள்யூ 1 என்' என்ற தகட்டில் நடுவில் நிற்கும் ஒன்றை 'ஐ' என்று படித்தால் 'வின்', வெற்றி.

இதற்கெல்லாம் விலை உண்டு. 2012-இல் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ 1' ஏலத்தில் 5,20,000 வெள்ளிக்குப் போனது. எடுத்தவர் ஜொகூர் சுல்தான், மாட்டியதோ ஒரு புரோட்டோன் சத்ரியா நியோவில். அடுத்த வருஷம், 2013 ஜனவரியில், தீபகற்பத்தில் முதல்முறையாகக் குறைந்தபட்சச் சம்பளம் அமலுக்கு வந்தது. மாதம் 900 வெள்ளி. கணக்குப் போட்டால் அந்த ஓர் எண் 48 வருஷச் சம்பளம். தாத்தா மரம் வெட்டிய வருஷங்களைவிட அதிகம். 2019-இலிருந்து ஏலம் இணையத்துக்கு வந்துவிட்டது. இப்போது கைப்பேசியிலேயே எண்ணுக்கு விலை கேட்கலாம்.

தோட்டத்துக் கதை வேறு. அங்கே யாரும் எண்ணை விலைக்கு வாங்கியது கிடையாது.

முன்பெல்லாம் தோட்டத்தில் வண்டியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். துரைக்குக் கார், பெரிய கிராணிக்கு மோட்டார், மற்றவர்களுக்குச் சைக்கிள், அதுவும் இல்லாதவர்களுக்குக் கால். இதை உடைத்தது ஜப்பான்காரனின் சின்ன மோட்டார். 1958-இல் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா கப் மோட்டாரை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். சீனர் வாயில் அது 'கப்சாய்' ஆனது, பிறகு எல்லார் வாயிலும். பால்வாளியைத் தொங்கவிட, அரிசி மூட்டை கட்ட, பிள்ளைகள் இரண்டு பேரைப் பள்ளியில் விட, எல்லாத்துக்கும் அதுதான். பெரும்பாலும் இரண்டாங்கை வண்டி. நம் நாட்டில் வண்டி கைமாறினாலும் எண் அதோடுதான் போகும். எனவே தோட்டத்துக்காரர்களுக்கு வந்து சேர்ந்தது யாரோ ஓட்டிக் களைத்த எண்.

ஆனால் வந்த எண்ணைச் சும்மா விட்டார்களா? இல்லை. படித்தார்கள்.

அப்பா அடித்துச் சொல்லும் கதை ஒன்று. மேல் லயத்தில் ஒருவர் பழைய ஹோண்டா சி70 வாங்கி வந்தார். தகட்டில் 'என் சி 70'. அவருக்கு இங்லீஷ் எழுத்து தெரியாது. இரண்டு மாதம் ஓட்டிய பிறகு, தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருநாள் கடைவாசலில் நின்று படித்துக் காட்டினார். "யோவ், இது உன் மோட்டார் பேருய்யா. சி70. முன்னால என்ன போட்டுருக்கு? என்! என் சி70!" அன்றிலிருந்து அந்த மனிதர் மோட்டாரைத் துடைக்கும்போது தகட்டைத்தான் முதலில் துடைப்பாராம். உண்மையா என்று தோட்டத்துப் பெரியவர்கள் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் அதையேதான் சொன்னார்கள். வாத்தியாரின் பெயர்தான் ஆளுக்கு ஒன்றாக இருந்தது.

1994-இல் புரோடுவா கஞ்சில் வந்தது. எங்கள் பக்கம் பல குடும்பங்களின் முதல் கார் அதுதான். அதன் 660 சிசி எஞ்சினை வைத்து, எண்ணில் இரண்டு ஆறு இருந்தாலே "கஞ்சிலுக்குன்னே வந்த நம்பரு" என்பார்கள். இல்லாவிட்டால் கூட்டிப் பார்ப்பார்கள். ஒன்பது வந்தால் விசேஷம். எட்டு வந்தால் சனி, கோயிலில் ஒரு எலுமிச்சம்பழம் கூடுதலாக நசுங்கும். பக்கத்திலேயே பட்டணத்துச் சீன முதலாளி எட்டுக்காகத் தவம் கிடப்பார், அவருக்கு அது செழிப்பு. அவர் நாலைத் தொடமாட்டார், அந்த ஓசை அவருக்குச் சாவு.

இன்னொரு வாசிப்பும் உண்டு. 1969-இல் மேக்னம் கம்பெனி நான்கு இலக்கக் குலுக்கலைத் தொடங்கியதிலிருந்து, நம் நாட்டில் ஒவ்வொரு வண்டித் தகடும் ஒரு லாட்டரிச் சீட்டு. புது வண்டி வந்தால் அந்த எண்ணை எடுப்பார்கள். கவிழ்ந்தாலும் எடுப்பார்கள். ஆளுக்கே எண்ணால் பெயர் வைப்பதும் நடந்தது. எங்கள் வரிசையில் 'ரெண்டு ஏழு மாமா' ஒருவர் இருந்தார். அவருடைய சொந்தப் பெயரை அவர் கருமாதி நோட்டீசில்தான் நான் முதலில் படித்தேன்.

இதையெல்லாம் சேகரித்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். பாருங்கப்பா, எண்ணைச் சொந்தமாக்கிக்கொள்வது நம்ம பழக்கம்தானே, தாத்தாவின் எண்ணை நான் எடுத்தால் என்ன என்றேன். 217-ஐக் கூட்டினால்கூட ஒன்று வருகிறது, சூரியன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"இதெல்லாம் அவங்கவங்க வண்டி நம்பருடா. 217 வண்டி நம்பரு இல்ல, ஆள் நம்பரு. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுல கிராணி நின்னு கத்துவான், இருநூத்திப் பதினேழுன்னு. தாத்தா கை தூக்கணும். ஒரு நிமிசம் லேட்டுன்னா அன்னைக்குப் பேரு இல்ல. நான் சின்னப் புள்ளையில கூடப் போயிருக்கேன். என் அப்பாவுக்குப் பேரு இருக்குன்னு எனக்குத் தெரியும், அந்தாளுக்குத் தெரியாது."

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிந்தது. கங்காணிகள் மூலம் ஆள் கொண்டுவருவது 1938-இல் இந்திய அரசு தடுத்ததும் நின்றது. தாத்தா அதற்குக் கொஞ்சம் முன்னால் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். முறைகள் ஒழிந்தன, எண் ஒழியவில்லை. கடைசிவரை அவரிடம் இருந்தது சிவப்பு ஐசி. அதிலும் ஓர் எண், பக்கத்தில் தப்பாக எழுதிய பெயர். பாரிஸ் போலீஸ் வண்டிக்கு மாட்டியதைத் தோட்டம் ஆளுக்கு மாட்டியது. இந்த வித்தியாசத்தை நான் படித்த எதிலும் காணவில்லை. அப்பா பெரட்டுக் களத்தில் பார்த்திருக்கிறார்.

"அது அவரு எடுத்த நம்பரு இல்ல. அவருக்குப் போட்ட நம்பரு. அதைப் போய்க் காசு குடுத்து ஏலத்துல எடுக்கப்போறியா?"

எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. அழிந்துபோன தோட்டத்திலிருந்து எதையாவது தூக்கி வரத்தான் நினைத்தேன். ஆனால் அந்த எண்ணைக் கேட்டுக் கை தூக்கியவரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அப்பா, நான் இல்லை. விற்பனையாளரைக் கூப்பிட்டு ரன்னிங் நம்பர் போதும் என்றேன். பிளேட் மட்டும் 'என்'-ஆக இருக்கட்டும். கோலாலம்பூரில் வேலை செய்கிறவன் அந்த ஊர்ப் பிளேட் போட்டால் மறுவிலை கிடைக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். பரவாயில்லை என்றேன்.

வந்தது 5831. காரை வீட்டு வாசலில் நிறுத்தியதும் அப்பா தகட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து விரல்விட்டுக் கூட்டினார். பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எட்டு."

"தெரியும்ப்பா."

"சரி விடு. உன் சீன முதலாளிக்குப் பிடிக்கும்" என்றபடி எழுந்து, இரண்டு எலுமிச்சம்பழம் வைத்த சக்கரத்தடியில் மூன்றாவதையும் வைத்தார். அம்மா உள்ளே போய் எண்ணைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வாரா வாரம் ஒரு வெள்ளிக்கு அந்த எண்ணை எடுக்கிறார். இன்னும் அடிக்கவில்லை.